இருக்கிறபடியே அனுப்பவும்

அந்தக் குளிர்காலம் முழுக்க ரொட்டிக் கடையில் ஒல்வென் ப்ரோபர்ட் பழைய ரொட்டியாகக் கேட்டு வாங்கினாள். புது ரொட்டியைச் சுடச்சுட அடுக்கி வைத்திருக்கும்போது, நேற்று மிஞ்சினது இருக்கிறதா என்று கேட்பவளைக் கடைக்காரன் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான். கரிச் சுரங்கம் மூடி ஆறு வருஷம். தெருவில் பாதி வீட்டில் வேலையில்லை. அதிலும் இது புருஷன் தூசி நோயில் படுத்துவிட்ட வீடு. கையில் காசில்லை போலிருக்கிறது, பாவம் என்று ஊர் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு ஒல்வென் காதுக்கும் வந்தது. மற்ற நாளாக இருந்தால் பேசினவர்கள் வாசலுக்கே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பாள். இப்போது அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. அறுநூற்றுச் சொச்சம் புத்தகங்களைத் துடைத்து முடிக்க வேண்டியிருந்தது.

புத்தகங்கள் சுரங்கத் தொழிலாளர் மன்றத்துடையவை. வாரக் கூலியில் ஆளுக்கு ஒரு பென்னி பிடித்து, தாத்தன் காலத்திலிருந்து சேர்த்த நூலகம். சுரங்கம் மூடின பிறகு கூலியுமில்லை, பென்னியுமில்லை. மன்றத்துக் கூரையில் இருந்த ஈயத் தகட்டை எவனோ ஒரு புண்ணியவான் உருவிக்கொண்டு போய் விற்றுவிட்டான். இந்தப் பள்ளத்தாக்கு மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? இரண்டே வருஷத்தில் சரித்திர அலமாரி முழுக்க ஊறி உப்பிப்போயிற்று.

செப்டம்பரில் கமிட்டி கூடியது. நூலகக் கணக்கில் மிச்சம் நூற்றிப் பதினெட்டு பவுண்ட் கிடந்தது. அதில் எல்லோரும் பஸ் வைத்துக் கடற்கரைக்குப் போய்வரலாம் என்றார் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் உட்கார ஒரு பெஞ்சு போடலாம் என்றார் இன்னொருவர். ஒல்வெனின் புருஷன் ஹேடன் இருபத்தொன்பது வருஷம் சாயங்காலம் சாயங்காலம் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டவன். வீட்டிலிருந்து மன்றத்துக்கு ஐம்பது தப்படிதான். அன்றைக்கு அதை நடக்க அவனுக்கு ஆறு தடவை நிற்க வேண்டியிருந்தது. டாக்டர்கள் அவனை எண்பது சதம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், நெஞ்சில் எண்பது சதம் தூசி. மிச்சம் இருபதை வைத்துக்கொண்டு நாற்காலி முதுகைப் பிடித்து நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

"அது படிக்கப் போட்ட காசு. கடல் பார்க்கப் போட்டதில்ல. புத்தகமும் போகட்டும், மிச்சக் காசும் கூடவே போகட்டும். பல்கலைக்கழகத்து நூலகத்துக்குக் கொடுத்திருவோம். அங்க கூரை ஒழுகாது."

எல்லோரும் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். ஏன் அந்தப் பல்கலைக்கழகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹேடனின் மகன் எம்லின் போயிருக்க வேண்டிய இடம் அது.

ஒற்றைப் பிள்ளை. நல்ல படிப்பு வரும். ஆனால் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சேக்காளிகளோடு போய் சுரங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டான். அவன் புதுப் பூட்ஸோடு வீட்டுக்கு வந்த அன்று ஹேடன் ஒரு சொல் பேசவில்லை. அதற்கப்புறம் நான்கு வருஷம் பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து ஆட்டெலும்பு சூப் குடித்தார்கள். உப்பு வேண்டுமென்றால் ஒல்வென் வழியாகத்தான் கேட்பார்கள். "அம்மா, அப்பாகிட்டருந்து உப்பு வாங்கிக் கொடு." "உன் பிள்ளைய எடுத்துக்கச் சொல்லு." இருபது வயதில் எம்லினே தொழிற்சங்கம் வழியாக எழுதிப் போட்டு, உதவித்தொகையோடு பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினான். அந்தக் கடிதத்தை அப்பன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஹேடன் படித்தான், மடித்தான், தோட்டத்துக்குப் போய் வெங்காயத்துக்கு மண் அணைத்தான். செப்டம்பர் கடைசியில் எம்லின் கிளம்ப வேண்டும். செப்டம்பர் முதல் வாரம் சுரங்கத்தில் மேல்பாறை இடிந்து அவன்மேல் இறங்கிவிட்டது.

அது நடந்து பதினோரு வருஷம். அப்பனோடு பேசாமலே பிள்ளை செத்துப்போய்விட்டான் என்பதுதான் ஒல்வென் நெஞ்சில் கிடந்த முள். புருஷனிடம் அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவன் புத்தகத்தையும் காசையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, அது மகனிடம் கேட்கிற மன்னிப்பு என்று அவளுக்குப் புரிந்தது. ஆகவே இந்தக் காரியத்தில் ஒரு குறை வரக்கூடாது என்று அவளும் கச்சை கட்டிக்கொண்டாள்.

நவம்பரில் பல்கலைக்கழகத்திலிருந்து பென்னல் என்று ஒருவர் கடிதம் போட்டார். மிகுந்த நன்றி, பிப்ரவரியில் வேன் கொண்டு வருகிறோம், புத்தகங்களுக்காக நீங்கள் எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்த நிலையில் இருந்தாலும் இருக்கிறபடியே அனுப்பவும். இதை ஒல்வென் அடுப்படியில் நின்று இரண்டு தடவை படித்தாள். பக்கத்து வீட்டு மவான்வி முட்டை கொடுக்க வந்தவள், ஏன் முகம் இப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"எந்த நிலையில் இருந்தாலுமாம். நம்மள என்ன நினைச்சுக்கிட்டிருக்கான்? கரி ஊர்க்காரங்க, அழுக்கத் தவிர வேற என்ன தரப்போறாங்கன்னு நினைக்கிறான்."

"மரியாதைக்கு எழுதியிருப்பான், ஒல்வென்."

"மரியாதை எதுன்னு நான் காட்டுறேன்."

இதை நகரத்துக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இங்கே பெண்கள் பிறந்ததிலிருந்து கரித்தூசியோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள். கொடியில் வெள்ளைத் துணி காயும்போது காற்று திரும்பினால் மறுபடி துவைக்க வேண்டும். வாசல் படியைத் தினம் முட்டிபோட்டுத் தேய்க்காதவளை மனுஷியாகவே சேர்க்க மாட்டார்கள். எம்லினை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுகூட, ஒல்வென் வெந்நீர் போட்டு அவன் காது மடல்வரை துடைத்துவிட்டுத்தான் மற்றவர்களை உள்ளே விட்டாள். அவளிடம் போய் இருக்கிறபடியே அனுப்பு என்றால்?

புத்தகங்களைத் தள்ளுவண்டியில் நாற்பது ஐம்பதாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முன்னறையில் ஹேடனின் கட்டில். மாடி ஏற மூச்சு இல்லாததால் ஒரு வருஷமாக அங்கேதான் படுக்கை, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அடுப்படியில் ஒல்வெனின் பட்டறை. அட்டையை வினிகர் தொட்ட துணியால் துடைப்பாள். உள்ளேதான் பெரிய வேலை. ஷிப்ட் முடிந்து கையைக் கழுவியும் கழுவாமலும் படித்த ஆண்கள், பக்கத்துக்குப் பக்கம் கட்டைவிரல் கறுப்பு வைத்திருந்தார்கள். போதாததற்கு ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். நூலகக் கதவுக்கு மேல் ஹேடன் கையாலேயே எழுதின பலகை தொங்கும்: புத்தகத்தில் கிறுக்கினால் மூன்று பென்ஸ் அபராதம். அது தொங்கின லட்சணம் இப்போதுதான் தெரிந்தது.

சுவரில் ஒட்டின பூக்காகிதத்தை அவள் அம்மா ரொட்டியால் துடைப்பாள். அதே கைப்பழக்கம். இரண்டு நாள் ஆன ரொட்டியின் நடுவைப் பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, ஒரே பக்கமாக இழுத்துத் தேய்க்க வேண்டும். கறுப்பும் பென்சிலும் ரொட்டியில் ஏறிக்கொள்ளும், தாள் கிழியாது. சாம்பல் நிறத்தில் உதிர்கிற தூளைச் செய்தித்தாளில் கூட்டிக் கொல்லைச் சுவருக்கு மேலாகக் கொட்டினால் மவான்வியின் கோழிகள் ஓடிவரும். கண்ணாடி போடாமலே செய்வாள். படிக்கவா போகிறாள், தேய்க்கத்தானே. ஒரு நாளைக்குப் பத்து புத்தகம், பன்னிரண்டு புத்தகம். வெளியே மழை. குப்பைத் தொட்டியை முட்டிக் கவிழ்க்க மலையிலிருந்து இறங்குகிற ஆடுகளை விரட்ட மட்டும் எழுந்திருப்பாள்.

"என்ன செய்யுற இவ்வளவு நேரம்?" என்று முன்னறையிலிருந்து ஹேடன் கேட்பான்.

"துடைக்கிறேன்" என்பாள். தூசி தட்டுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஜனவரி நடுவில் ஒரு மதியம், சிவப்பு அட்டை போட்ட தடித்த பொருளாதாரப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. ஓரமெல்லாம் எழுத்து. பென்சிலை அழுத்தி அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் தடித்திருந்தது. ரொட்டியை வைக்கப் போனவள் நின்றுவிட்டாள். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எம்லின் இடதுகைக்காரன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவன் எழுத்தேதான். ஒரே ஒரு வரியைப் படித்தாள்: இதை எழுதினவர் ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்திருப்பாரா? அதற்குக் கீழே வேறு எவனோ பெரிய அச்செழுத்தில் பதில் எழுதியிருந்தான். அதற்குக் கீழே மறுபடி இவன். இரண்டு பேரும் மாறி மாறிப் பக்கம் பக்கமாக. எவனோ ஒரு தறுதலை எழுதிச் சீண்ட, பிள்ளையும் போட்டிக்கு எழுதியிருக்கிறான். அதுவும் அப்பன் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பட்டியலில் ஏறின புத்தகம், பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாயிற்று என்று கமிட்டி கையெழுத்துப் போட்டது. அதைவிடப் பெரிய பயம் முன்னறையில் இருமிக்கொண்டிருந்தது. வேன் வருகிற அன்றைக்கு ஹேடன் ஏதாவது ஒன்றை எடுத்துப் புரட்டி, இதுவே அவன் கண்ணில் பட்டால்? சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று நான்கு வருஷம் முகம் திருப்பிக்கொண்ட மனுஷன். சாகிற நேரத்தில் பிள்ளைமேல் இன்னொரு குற்றம் வேண்டாம். பாவம், அவன் செத்தும் எத்தனை திட்டு வாங்குவான்?

ரொட்டியை உருட்டினாள். மற்றப் புத்தகத்துக்குக் கால் ரொட்டி போதும். இதற்கு ஒன்றரை பிடித்தது. அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பக்கங்கள் வெளுத்துவிட்டன. கண்ணாடியைக் கழற்றினாள். இதற்கு முன்னால் கண்ணாடி இல்லாமல் தேய்த்த முந்நூறு புத்தகங்களில் எத்தனையில் அவன் இருந்தானோ என்று நினைப்பு ஓடியது. நினைத்து என்ன ஆகப்போகிறது என்று தூளைக் கூட்டினாள்.

பென்னல் வந்த அன்றும் மழை. முப்பத்தைந்து வயது இருக்கும், சாதுவான மனுஷன். படியில் அரைமணி நேரம் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஒல்வெனுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. கல்லில் சுட்ட திராட்சை கேக்கும் டீயும் கொடுத்தாள். ஹேடனுக்குச் சட்டையும் டையும் போட்டுவிட்டுத் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து உறையை எடுத்து, நூற்றிப் பதினெட்டு பவுண்ட் காசோலையைத் தன் கையாலேயே கொடுத்தான். பென்னல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் ஒல்வெனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு அடுப்படிக்கு அழைத்துப் போனாள். மேஜை, தரை, ஜன்னல் விளிம்பு எல்லா இடத்திலும் புத்தகங்கள் முதுகு தெரிய வரிசையாக நின்றன. பென்னல் ஒன்றை எடுத்துப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு, மிஸஸ் ப்ரோபர்ட்."

"நம்ம ஊர்க்காரங்க கொடுக்குறது, தம்பி. அழுக்கா கொடுக்கலாமா?"

அவர் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், ஓரத்தில் பென்சிலால் எழுதினது எதுவும் இல்லையா என்று. இந்தப் புத்தகங்களின் வேறு பிரதிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவாம். இந்த ஊர் ஆட்கள் படித்துவிட்டுச் சும்மா வைக்க மாட்டார்கள், புத்தகத்தோடும் ஒருத்தரோடு ஒருத்தரும் ஓரத்திலேயே சண்டை போடுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாராம். அதற்காகத்தான் இருக்கிறபடியே என்று எழுதினாராம்.

ஒல்வென் பதில் சொல்வதற்குள் முன்னறையிலிருந்து குரல் வந்தது. நடுக்கதவு திறந்து கிடந்தது. ஹேடன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"ஒல்வென். அந்தச் சிவப்புப் பொருளாதாரத்த எடுத்துக்கிட்டு வா. தம்பிக்குக் காட்டணும்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பென்னலே தேடி எடுத்துக்கொண்டு போனார். ஹேடனின் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு குறும்பு வந்திருந்தது.

"இருபத்தொன்பது வருஷம் எல்லாருக்கும் அபராதம் போட்டவன் நான். நானே கிறுக்கியிருக்கேன், தம்பி. எழுத்து தெரியக்கூடாதுன்னு அச்செழுத்துல எழுதுவேன்." மூச்சு வாங்கினான். "எனக்கும் என் பையனுக்கும் வீட்டுல பேச்சில்ல. அவன் ஒரு நாள் இதுல என்னமோ எழுதிவச்சிருந்தான். என்னால சும்மா இருக்க முடியல, பதில் எழுதினேன். நான்னு கண்டுபிடிச்சிட்டான் திருட்டுப்பய. மூணு குளிர்காலம். எத்தனையோ புத்தகம். கடைசியா அங்க படிக்கப் போறதப் பத்திக்கூட இதுலதான் பேசினோம். நூத்தி நாப்பதாம் பக்கம் பாருங்க."

பென்னல் அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்தபடியே ஹேடன் கையில் கொடுத்தார்.

ஹேடன் பார்த்தான். முன்பக்கம் புரட்டினான், பின்பக்கம் புரட்டினான். தாளைச் சாய்த்துப் பிடித்தான். அழுத்தி எழுதின தடம் இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, கட்டைவிரலை வைத்துத் தடவினான். முப்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரல். அதற்கு என்ன தெரியும்? பிறகு வாசலில் நின்றிருந்த ஒல்வெனை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"இதையும் வண்டியில வையுங்க. கொடுத்தது கொடுத்ததுதான்" என்று புத்தகத்தை மூடிப் பென்னலிடம் நீட்டினான்.

பென்னல் எல்லாப் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டார். நல்ல மனுஷன், ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்றத்தின் பெயரை ஒரு அலமாரியில் எழுதிவைப்போம் என்றார். ஆனால் அதற்கப்புறம் அவர் எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்கவில்லை என்பதை ஒல்வென் கவனித்தாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பார்த்துட்டுத்தான் ரொட்டியால அழிச்சேன்" என்றாள். "அவன் எழுத்துன்னு தெரியும். உன் கண்ணுல பட்டா நீ அவன்மேல இன்னும் கோபப்படுவியோன்னு நினைச்சேன். அந்த அச்செழுத்து நீன்னு எனக்குத் தெரியாது, ஹேடன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்கன்னு எனக்கு ஏன் சொல்லல? பதினோரு வருஷம். ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல?"

ஹேடன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. ரொட்டித் தூளையெல்லாம் என்ன செய்தாய் என்று கேட்டான். மவான்வியின் கோழிகளுக்குப் போட்டேன் என்றாள். தினம் காலையில் அவன் தின்கிற முட்டை அந்தக் கோழிகள் இட்டது. அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள். சிரித்தான். சிரிப்பு இருமலாகி, எனாமல் குவளையில் கறுப்பாகத் துப்பும்வரை விடவில்லை.

"சொல்லு. என்ன பேசினீங்க? எல்லாத்தையும் சொல்லு" என்றாள் அவள்.

அவன் சொல்லப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"நான் எழுதினதெல்லாம் ஞாபகம் இருக்கு, ஒல்வென். அவன் எழுதினதுதான் வரமாட்டேங்குது."

ஒல்வென் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உலகத்தில் எம்லின் எழுதினதில் மிச்சம் அவளிடம்தான் இருந்தது, அன்றைக்குக் கண்ணாடி போட்டுப் படித்த அந்த ஒற்றை வரி. அதைச் சொன்னாள்.

"இதை எழுதினவர் ஒரு நாளாவது மண்வெட்டி பிடித்திருப்பாரா?"

ஹேடன் கண்ணைத் திறந்தான். உதட்டுக் கோணலோடு, அதற்குக் கீழே தான் எழுதின பதிலைச் சொன்னான்.

"பிடித்திருந்தால் எழுத மூச்சு இருந்திருக்காது."

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வரவில்லை.

மறுநாள் காலை அவள் முட்டையை வேகவைத்து எடுத்துக்கொண்டு போனபோது, "சொல்லு" என்றான். சொன்னாள். பதில் சொன்னான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தட்டோடு வருவாள், பிள்ளையின் வரியைச் சொல்வாள், அப்பன் தன் வரியைச் சொல்வான், பிறகு அரை முட்டை தின்பான். வர வர அவன் வரி சுருங்கியது. கடைசி இரண்டு நாள் 'மூச்சு' என்கிற ஒரு சொல்தான் வந்தது. அவளுக்கு அது போதுமாயிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை மழை விட்டிருந்தது. மவான்வி சுவருக்கு மேலாக நீட்டின முட்டையை வாங்கி, மூன்று நிமிஷம் வேகவைத்து, உப்போடு எடுத்துக்கொண்டு ஒல்வென் முன்னறைக்குப் போனாள். திரையை விலக்கினாள். கட்டில் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்து நின்றபடியே மகன் வரியைச் சொன்னாள். சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. மூச்சிழுக்கிற சத்தம் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றாள். இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. கையில் முட்டை ஆறிப்போகும்வரை திரும்பாமல் அப்படியே நின்றாள்.